ஆறாம் பாடத்துத் தக்காளி

ஜூன் 4

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இந்தப் போன் எழுதிக்கொள்கிறது. திட்டினாலும் எழுதும். இன்று திட்டத்தான் போகிறேன்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் ஆறாம் பாடம், காய்கறிக் கடை. டீச்சர் ஒரு தரம் வாசித்ததுமே கடைக்காரர் பேச்சு, வாங்க வந்தவர் பேச்சு, இரண்டும் எனக்கு மனப்பாடம். நான் கடைக்காரர். எதிரே, கூடப் படிக்கும் நர்ஸ் பெண். அவளோ தக்காளியை விட்டுவிட்டு வெங்காயம் கேட்கிறாள். பாடத்தில் வெங்காயமே கிடையாது! அவள் பங்கையும் சேர்த்து நானே சொல்லி முடித்தேன்.

"ஐயா, ஒப்பிக்காதீங்க. பேசுங்க" என்றார் டீச்சர்.

பேசத்தானே பாடம்? பிறகு எதற்குச் சொல்லிக்கொடுக்கிறார்?

ஜூன் 8

பேத்தி போனில் வந்தாள். மகன் வேலை பார்க்கும் ஊரிலேயே பிறந்தவள், தமிழ் வராது. நலமா என்று இங்கிலீஷில் கேட்டாள். நலம், நீ நலமா என்றேன். அதுவரைக்கும் முதல் பாடம். அப்புறம் வேறென்னவோ கேட்டாள். மறுபடியும் நலம், நீ நலமா என்றேன். ஓடிவிட்டாள்.

மகனை இடையில் வைத்துப் பேசலாம்தான். அது மகனோடு பேசினதாகத்தானே ஆகும்? இவளுக்காகத்தான் இந்த வயதில் அந்த வகுப்பு மாடிப்படி ஏறுகிறேன். விடுமுறைக்கு வரப்போகிறாள்.

ஜூன் 13

இன்றும் வெங்காயம். வேண்டுமென்றே செய்கிறாள் அந்த நர்ஸ் பெண்.

"கடைக்கு வர்றவங்க எல்லாம் பாடம் படிச்சிட்டா வருவாங்க, தாத்தா?"

டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மத்தவங்களுக்கு ஞாபகமே இல்லைன்னு கத்துறேன். நீங்க கொஞ்சம் மறந்தாத் தேவலை."

ஜூன் 14

முழங்கால் வலி என்று சொல்லியனுப்பினேன். முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 22

பேத்தி வந்து மூன்று நாளாயிற்று. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். எத்தனை நேரம்தான் சிரிப்பது? இன்று சாயங்காலம் காய்கறிக் கூடையை அவள் முன்னால் வைத்தேன். எதிரே உட்கார்ந்து, "குட் மார்னிங். ஒன் கிலோ டொமேட்டோ, ப்ளீஸ்" என்றேன்.

கூடையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

"நோ டொமேட்டோ."

கூடை நிறையத் தக்காளி! பாடத்தில் ஒருநாளும் தீர்ந்ததில்லை. எனக்கு வந்ததே கோபம்.

"தென் ஒய் யூ ஓபன் ஷாப்?"

சொன்ன பிறகுதான் உறைத்தது. இது எந்தப் பாடத்திலும் இல்லை.

"ஆனியன்" என்றாள். "ஒன்லி ஆனியன்."

விடுவேனா? சத்தம் கேட்டு மகன் வந்து நின்றான்.

"என்னப்பா, என்ன கேக்கறா? நான் சொல்லட்டுமா?"

"நீ உள்ள போடா. இங்க வியாபாரம் நடக்குது" என்றேன்.