நீ கேட்ட கல் விஷயம்

அன்பு வாலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாலு வருஷம் கழித்தும் உன்னை வால் என்று கூப்பிட எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. கை பழக்கத்தில் எழுதிவிட்டது, இருக்கட்டும்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. மொத்தமே ஆறு வரி. வைரம் வாங்கும் முன் என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். குறையே இல்லாத கல்லை உன் விரலில் போட்ட பிறகுதான் நீ கட்டிக்கொண்ட அந்தப் பையன் இந்த வீட்டுப் படியை மிதிப்பாராம். போனில் தட்டினால் இதையெல்லாம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நீ என்னைக் கேட்டிருக்கிறாய். அதற்காகவே திரும்பத் திரும்பப் படித்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடை விளக்குக்குக் கீழே கல்லைப் பார்க்காதே. அந்த வெளிச்சத்தில் கூழாங்கல்கூட மினுக்கிக் காட்டும். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார். விடமாட்டோம் என்றால் அந்தக் கடையே வேண்டாம், எழுந்து வந்துவிடு. முதலில் பட்டையைக் கவனி. பட்டை சரியாகத் தீட்டாத கல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தூங்குமூஞ்சிதான். ஒரு காரட் என்று வாயைத் திறந்தாலே விலை எகிறும். அதற்கு ஒரு துளி குறைவாகக் கேள், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. சர்ட்டிபிகேட்டில் இருக்கும் எண் கல்லின் விளிம்பிலும் பொடியாகப் பொறித்திருக்கிறதா என்று கடைக்காரரிடமே லென்ஸ் கேட்டு வாங்கிப் பார். கூச்சப்படாதே, உனக்கு அந்த வியாதி சின்ன வயதிலேயே கிடையாது. கல் மண்ணில் கிடைத்ததா, மெஷினில் வளர்த்ததா என்று லென்ஸுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. பில்லில் எழுதி வாங்கு.

அப்புறம் விரிசல். சில கற்களில் விரிசலுக்குள் கண்ணாடியை உருக்கி ஊற்றி மறைத்திருப்பார்கள். மெல்லத் திருப்பினால் விரிசலோரம் நீலமாக ஏதோ பளிச்சென்று ஓடும். இது உனக்கே தெரியும். அன்றைக்கு என் பக்கத்தில்தானே இருந்தாய்.

அந்தப் பையன் உன்னைப் பெண் கேட்டு வந்தபோது மோதிரப் பெட்டியை மரியாதையாக என் கையில்தான் கொடுத்தார். நல்லாயிருக்கு தம்பி என்று திருப்பிக் கொடுத்திருக்கலாம். எனக்கு என்ன வந்ததோ, சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்தேன். அவருடைய அப்பா அம்மா முன்னாலேயே, "தம்பி, உங்க தலையில நல்லா மொளகா அரைச்சிட்டாங்க, இது கண்ணாடி ஊத்தின கல்லு" என்றேன். சொன்னது உண்மைதான் என்று நாலு வருஷமாக எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் முகம் செத்துப்போனதை நான் பார்க்கவேயில்லை. கல்லின் அடுத்த பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். "ரெண்டு வருஷம் லீவே போடாம ஒழைச்சு வாங்கினதுப்பா அது" என்று நீ சொல்லித்தான் தெரிந்தது. பிறகு உங்கள் கல்யாணச் செய்தி மட்டும் வந்தது.

ஆபீசில் எட்டு பேர் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து வைரக் கல்லைத் தரம் பிரிக்கிறோம். மூச்சுக்காற்று பட்டால் பொடிக் கற்கள் ஓடிவிடும் என்று யாரும் வாயே திறப்பதில்லை. வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லை. உன் அம்மா இருந்தவரை அவள் திட்டாவது காதில் விழும். இப்போது ரேடியோவோடு சண்டை போடுகிறேன், சிரிக்காதே. தனியாக இருப்பது ரொம்பக் கஷ்டமாக இருக்கிறதம்மா.

முப்பத்தொரு வருஷமாகக் கல் பார்க்கிறேன். லென்ஸில் ஒரு புள்ளிகூடத் தெரியாத கல் குதிரைக்கொம்பு. அதைத் தேடிப் பிடித்த பிறகுதான் வருவேன் என்று அவர் இருந்தால், அன்றைக்கு நான் இருப்பேனா என்று தெரியாது. இவ்வளவு நேரம் நீ கேட்டதற்குப் பதில் எழுதினேன். இப்போது நான் ஒன்று கேட்கிறேன். எந்தக் கல்லும் வாங்க வேண்டாம். அவருடைய அப்பா அம்மாவையும் அழைத்துக்கொண்டு வெறுங்கையோடு வாருங்கள். அவர்கள் முன்னால் சொன்ன பேச்சுக்கு அவர்கள் முன்னால்தான் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

நீ நன்றாக இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். வாங்கிக்கொள்வாரா என்று கேட்டு எழுது.

உன்
அப்பா