யாரும் பேசவில்லை

வெள்ளிமலை
கார்த்திகை, செவ்வாய் இரவு

நேற்றுச் சாயங்காலம் வீட்டில் உங்களோடு யார் என்ன பேசினார்கள் என்று எழுதுங்கள் என்றேன் நான்காம் வகுப்பில். எதையும் பார்த்து எழுதியே பழகிய பிள்ளைகள். பலகை வெறுமையாக இருந்ததால் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசை மல்லிகா எழுந்து, "மொதல்ல நீங்க எழுதுங்க டீச்சர்" என்றாள்.

'நேற்று அம்மா போனில் பேசினார்' என்று எழுதினேன்.

"நேத்து மலையில டவரே இல்லியே டீச்சர். அம்மாகிட்ட பேசணும்னு எங்கப்பா போனத் தூக்கிக்கினு மேட்டுல அலைஞ்சிக்கினு இருந்திச்சு" என்றாள் மல்லிகா.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து பள்ளி விட்டால் எனக்கு வாடகை அறைதான். எழுதியதை அழித்துவிட்டு, 'நேற்று மாலை என்னோடு யாரும் பேசவில்லை' என்று எழுதினேன். பலகையில் எது இருந்தாலும் சேர்ந்து படிப்பது அவர்கள் வழக்கம். அதையும் ராகம் போட்டு உரக்கப் படித்தார்கள். எனக்குக் காதை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது.

பிறகு எல்லோரும் குனிந்து எழுதத் தொடங்கினார்கள்.

மல்லிகா முதலில் கொண்டுவந்து காட்டினாள். 'அம்மா கேரலாவில் வேளைக்கு போயிருக்கு. நேத்து பேசவில்லை. அப்பாவும் பேசவில்லை. படுத்துகிச்சி.' பேசவில்லை என்ற சொல்லில் பிழையே இல்லை. பலகையைப் பார்த்து எழுதியிருக்கிறாள்.

"சரியா டீச்சர்?"

"சரிதான்மா" என்றேன். எந்தப் பிழையையும் திருத்தாமல் நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.