கை நிறையப் பச்சைப் புல்

அன்புள்ள சின்னவளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நன்றாக இருந்தால் எனக்கு அதுவே போதும். போனில் சொல்லலாமென்றால், போனை எடுத்ததுமே உன் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார், அதனால்தான் எழுதுகிறேன்.

மலைக்கு அந்தப் பக்கம் அணு உலை வெடித்ததும் மறுநாளே இங்கே மழை கொட்டியதும் உனக்குத் தெரியும். மழையோடு விஷம் புல்லில் இறங்கிவிட்டது, மாட்டை வெளியே விடாதீர்கள், முன்பே கொட்டகைக்குள் அடுக்கிய வைக்கோலை மட்டும் போடுங்கள் என்று அதிகாரிகள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். கட்டிப்போட்டுத்தான் வைத்திருக்கிறோம். பக்கத்துப் பண்ணைகளில் எல்லாம் பரிசோதனையில் பால் தேறிவிட்டது, நம் பால் மட்டும் இரண்டு முறையும் தேறவில்லை. கறந்ததையெல்லாம் குழியில் கொட்டுகிறோம், வாசல் வரைக்கும் புளித்த நாற்றம். பரிசோதனைக்கு வரும் பெண்ணோடு நான் சண்டைக்கே போய்விட்டேன், முதல்ல உன் மிஷினை ரிப்பேர் பண்ணும்மா என்று. அவள் கோபப்படவில்லை. பச்சையா ஏதோ உள்ளே போகுதும்மா, வீட்டுல விசாரிங்க என்றாள்.

விசாரிக்க என்ன இருக்கிறது, கறக்கிற நேரத்துக்கு முன்னாலேயே போய் நின்றேன். உன் அப்பா ஒவ்வொரு மாட்டுக்கும் கை நிறையப் பச்சைப் புல்லை ஊட்டிவிட்டு, அப்புறம்தான் கறக்க உட்காருகிறார். நான் கத்தினேன். காஞ்ச வைக்கோலைக் காட்டிட்டு எந்த முகத்தோட மடியில கை வைக்கிறது, ஒரு வாய்தானே என்கிறார். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை இந்த மனிதருக்கு நான் எப்படிக் காட்டுவது? அரிவாளை எடுத்து என் துணிப்பெட்டிக்குள் ஒளித்துவைத்தேன். இன்று காலை கையாலேயே பிடுங்கிக்கொண்டு வந்து நிற்கிறார், விரலெல்லாம் கீறல். நாள் பூராவும் காவல் காக்க நான் என்ன போலீஸா?

மாதக் கடைசியில் மறுபடியும் பரிசோதனை. அதிலும் தேறாவிட்டால் மாடுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள், எங்கே என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அதைச் சொன்னால், அப்படின்னா இருக்கிற வரைக்குமாவது நல்லா தின்னட்டும் என்கிறார். நீயே சொல், இவரோடு நான் என்ன பேசுவது?

அதனால் நீ ஒன்று செய். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. பேரனைப் பார்த்துக்க ஆளில்லைப்பா, நீங்க உடனே வந்தாத்தான் ஆச்சு என்று கொஞ்சம் அழு. நீ அழுதால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பரிசோதனை முடிகிறவரை அங்கேயே பிடித்து வை. பொய்தான், அது என் தலையில் இருக்கட்டும். வைக்கோலை நான் போட்டுக் கறந்துகொள்கிறேன், மாடுகள் என்னை முறைக்கும், முறைத்துவிட்டுப் போகட்டும். உயிரோடு நின்று முறைக்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் சிடுசிடுக்காதே, எல்லோரும் குறையில்லாமல் இருங்கள். கடிதம் கிடைத்த அன்றே அப்பாவைக் கூப்பிடு, தள்ளிப்போடாதே.

உன் அம்மா