கண்டியில் என்பவர் யார்

அன்புள்ள அனகா மோளுக்கு,

இங்கே நானும் உன் அச்சனும் சுகம், மழையோடு அச்சனின் முட்டிவலி மட்டும் திரும்பி வந்திருக்கிறது. ஜெர்மனிக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். பதில் போட இரண்டு வாரம் தாமதித்துவிட்டேன், கேமராவில் பேசினால் என் முகத்தைப் பார்த்தே கேட்டுவிடுவாய் என்று அதையும் தட்டிக்கழித்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது மோளே.

மாணவர்களின் ஆய்வேடு எங்கிருந்தாவது எடுத்து எழுதியதா என்று கண்டுபிடிக்கும் மென்பொருள் இந்த வருஷம் எங்கள் கல்லூரிக்கு வந்தது. துறையில் அதைப் பழகியவள் நான் ஒருத்திதான், அந்தப் பெருமை தலைக்கேறியிருந்தது. மூன்றாம் வருஷத்து கே. ஷஹானா, வளபட்டணம் பிளைவுட் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி எழுதியிருந்தாள். போட்டுப் பார்த்தால் அறுபத்து நாலு சதவீதம் சிவப்பு. எடுத்த இடம் ஏதோ ஓர் இணையப் பக்கம், எழுதியவர் பெயர் வெறும் 'கண்டியில்'. அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் தாளை வகுப்பில் தூக்கிக் காட்டி, யாருடீ இந்தக் கண்டியில், உன் மாமனா, பரீட்சையையும் அவனையே வந்து எழுதச் சொல்லு என்றேன். வகுப்பே சிரித்தது. டீச்சரே, அது வந்து என்று ஆரம்பித்தாள். நீ பேசாதே, மிஷின் பேசிடுச்சு என்றேன். ஆய்வேட்டில் பூஜ்யம் என்றால் அவளுக்குப் பட்டமே இல்லை, மேற்படிப்பும் போச்சு.

மூன்று நாள் அவள் வரவில்லை. பிரின்சிபாலுக்குக் கொடுக்கும் புகார்ப் படிவத்தில் முதலெழுத்தை விரித்து எழுத வேண்டும் என்று பதிவேட்டைப் பிரித்தேன். கண்டியில் ஷஹானா. அவள் வீட்டுப் பெயர் மோளே. அப்புறம்தான் அந்த இணையப் பக்கத்தைத் திறந்தேன். முதல் வருஷத்தில் எங்கள் கல்லூரி மலரிலேயே அவள் எழுதிய கட்டுரை அது, வீட்டுப் பெயரை மட்டும் அச்சிட்டு, கல்லூரியே இணையத்தில் ஏற்றியிருக்கிறது. அதைத்தான் அவள் விரித்து எழுதியிருந்தாள். பாதிப்பேர் வீட்டுப் பெயரை ஓர் எழுத்தில் சுருட்டி வைத்திருக்கும் இந்த ஊரில் பிறந்து, பதினாலு வருஷம் வருகைப்பதிவு எடுத்தவளுக்கு அந்த 'கே' என்னவென்று கேட்கத் தோன்றவில்லை.

படிவத்தைக் கிழித்தேன். யாருக்கும் தெரியாமல் மதிப்பெண்ணைப் போட்டுவிட்டு, அவளை ஆசிரியர் அறைக்கு வரவழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவள் அழவில்லை. திட்டினது நாப்பது பேர் முன்னாடி, மன்னிப்பு மட்டும் கதவைச் சாத்திட்டா டீச்சரே என்றாள்.

நேற்று முதல் மணியில் வகுப்பில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன், ஆய்வேட்டைப் படிக்காமலே திட்டினேன் என்பதையும் சேர்த்து. பின்பெஞ்சு தீர்த்தா, அப்போ எங்களோடதைப் படிச்சது மிஷினா டீச்சரா என்று கேட்டாள். மிஷின்தான் என்றேன். ஷஹானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நான் பார்ப்பதைக் கண்டதும் குனிந்துகொண்டாள்.

இப்போது நாற்பது ஆய்வேடும் நம் சாப்பாட்டு மேசையில் இருக்கின்றன. ஷஹானாவுடையதை முதலில் எடுத்தேன். எத்தனை தடவை கழுவினாலும் பசை நாற்றம் சோற்றோடு வாய்க்குப் போகும் என்று ஒரு பெண் சொன்னதாக எழுதியிருக்கிறாள். கடைசிப் பக்கத்தில்தான் தெரிந்தது, அந்தப் பெண் அவளைப் பெற்ற உம்மா. மீதி முப்பத்தொன்பதில் யார் யார் இருக்கிறார்களோ.

நீ தொடும் நோயாளிகள் எல்லோரும் எழுந்து நடக்கட்டும், உனக்கு ஒரு குறையும் வராது. மொழித் தேர்வுக்கு முந்தின நாள் பட்டினி கிடக்காதே.

என்றும் உன்
அம்மா ஷைனி