சித்தப்பா குடிமகனான தேதி

ஸ்டாக்டன்,
செப்டம்பர் 21, ஞாயிறு

அன்பு மகள் ரொடோராவுக்கு அம்மா எழுதுவது. நம்ம ஊர் ஹாரோ மாதா தயவில் நான் கை கால் சுகத்தோடு இருக்கிறேன், சுகமில்லாமல் கிடப்பது என் மனசு மட்டும்தான். நீயும் ரெனானும் அங்கே நலமாக இருப்பீர்கள், மழையில் பள்ளிக்கூட வேலைக்கு நடந்து போய் இருமலை இழுத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். மூன்று நாளாக நீ அனுப்பிய செய்திகளை எல்லாம் பார்த்தேன். இன்டர்வியூ என்னம்மா ஆச்சு, ஏன் வாயே திறக்கமாட்டேங்கிற என்று ஒன்பது தடவை கேட்டிருக்கிறாய். போனில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் கத்துவேன், நான் கத்தினால் உன் சித்தப்பா போனைப் பிடுங்கி, ஒண்ணுமில்லம்மா சின்ன விஷயம் என்பார். அந்தச் சின்ன விஷயம் என்ற பேச்சை இன்னொரு தடவை கேட்டால் எனக்குப் பைத்தியமே பிடித்துவிடும். இங்கே இருக்கிற நம்ம ஊர்ச் செலியா புதன்கிழமை ஊருக்கு விமானம் ஏறுகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், உட்கார்ந்து நிதானமாகப் படி.

குடியுரிமை கிடைக்கவில்லை. பரீட்சையில் தோற்கவில்லை, அதை முதலில் தெரிந்துகொள். கேட்ட ஆறு கேள்விக்கும் டக்கு டக்கென்று பதில் சொன்னேன், வாசிக்கச் சொன்னதை வாசித்தேன், எழுதச் சொன்னதை எழுதினேன். எனக்கு எதிரே இருந்த அதிகாரி உன் வயதுப் பெண், மரியாதையான பெண், ரொம்ப நன்றாகச் செய்கிறீர்கள் மேடம் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் உன் சித்தப்பாவும் புருஷன் பெண்டாட்டியாக ஒரே வீட்டில் குடும்பம் நடத்துகிறோம் என்பதற்குக் கரண்ட் பில், வாடகைச் சீட்டு, வரிக் கணக்கு, கிறிஸ்துமஸ் போட்டோ எல்லாம் ஒரு பை நிறையக் கொண்டுபோயிருந்தேன். அதையும் புரட்டிப் பார்த்துவிட்டு, உங்க கணவர் குடிமகனான சான்றிதழைக் காட்டுங்க என்றாள். மனுவோடு அவருடைய பாஸ்போர்ட் நகலைத்தான் வைத்திருந்தோம், சான்றிதழ் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிறது, பின்பக்கம் ஆணி அடித்து ஒட்டிவிட்டதால் அதைக் கழற்ற முடியாமல் சட்டத்தோடு துண்டில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். வாசலில் பையைச் சோதிக்கிற ஆள்கூட அது என்ன சாமி படமா என்று கேட்டான். அந்தப் பெண் கண்ணாடிக்கு மேலேயே விரலை வைத்துப் படித்தாள், அப்புறம் கணினியைப் பார்த்தாள், மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. மேடம், உங்க கணவர் குடிமகனாகி ரெண்டு வருஷம்தானே ஆகுது என்றாள். இல்லையில்லை, மூன்று வருஷம் நாலு மாசம், எனக்கு நன்றாகத் தெரியும், அன்றைக்குப் பன்றி சுட்டு ஊரையே கூப்பிட்டோம் என்று நான் அந்த அறையில் வாதாடினேன் ரொடோரா. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

உனக்கு இந்தக் கணக்கு தெரியும், ஆனாலும் சொல்கிறேன். கிரீன் கார்டு வாங்கியவர்கள் குடியுரிமை கேட்க ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். குடிமகனைக் கட்டிக்கொண்டு அவனோடு சேர்ந்து வாழ்கிறவளுக்கு மூன்று வருடம் போதும். ஆனால் அந்த மூன்று வருடமும் முழுசாக அவன் குடிமகனாக இருந்திருக்க வேண்டும், ஒரு நாள் குறைந்தாலும் செல்லாது. நான் இங்கே வந்து இறங்கிய அதே வாரத்தில்தான் உன் சித்தப்பா குடியுரிமை இன்டர்வியூவில் பாஸ் பண்ணினார். பெண்டாட்டி வந்ததற்கும் குடிமகனானதற்கும் சேர்த்து ஒரே விருந்து. பாதிரியாரைக் கூப்பிட்டு, வாதுமைக் கொட்டை ஆலையில் அவரோடு வேலை பார்த்தவர்களை எல்லாம் கூப்பிட்டு, இவர் கொடியைப் போர்த்திக்கொண்டு ஆடினார், அந்த வீடியோ உன்னிடமும் இருக்கிறது. அன்றிலிருந்து இந்த வீட்டில் அவர் குடிமகன்தான். யாராவது தேதி கேட்டால் பன்றி சுட்ட தேதியைத்தான் சொல்வார். கோயிலில் எங்கள் ஆட்களுக்கு மனு நிரப்பித் தருகிற கோராசோன் அக்கா கேட்டபோதும் அதே தேதியைத்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். பாஸ் பண்ணினால் குடிமகன் இல்லை, கையைத் தூக்கி உறுதிமொழி எடுத்த பிறகுதான் குடிமகன் என்பது இவருக்குத் தெரியாமல் இல்லை, அது சும்மா ஒரு சடங்கு, போட்டோவுக்கு நிற்கிற மாதிரி என்று நினைத்திருக்கிறார்.

உறுதிமொழிக்கு இவரைச் சாக்ரமெண்டோவுக்குக் கூப்பிட்ட நாள் எது தெரியுமா. அதே வருஷம் ஜூன் மாசம், அங்கே ஊரில் பவியாவில் அவர் தங்கை மகன் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்த நாள். ஞானத்தகப்பனாக நிற்க இவர் பறந்து வந்தாரே, நீதானே போய் விமான நிலையத்தில் அழைத்துக்கொண்டு வந்தாய், உன் கையால்தானே சூப்பு ஊற்றிக் கொடுத்தாய். இங்கே மற்றவர்கள் கையைத் தூக்கி நின்ற நேரத்தில் இவர் அங்கே குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். வேறு தேதி கொடுங்கள் என்று ஒரு கடிதம் போட்டாராம். அதற்குள் நாங்கள் வீடு மாறினோம். மாறியதை அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. பதில் பழைய வீட்டுக்குப் போய், அங்கே குடிவந்தவன் அதைத் தூக்கி எறிந்து, எப்படியோ பன்றி சுட்ட நாளிலிருந்து ஒரு வருடம் நாலு மாசம் ஓடிவிட்டது. கடைசியில் ஒரு நாள் வேலைக்குப் போகிற சட்டையோடேயே போய் உறுதிமொழி எடுத்துவிட்டு, வருகிற வழியில் மீன் வாங்கிக்கொண்டு வந்தார். அன்றைக்கு விருந்து இல்லை, அதனால் அந்தத் தேதி யாருக்கும் ஞாபகம் இல்லை. இரண்டு வருடமாகக் கூடத்தில் தொங்குகிற காகிதத்தில் அது கொட்டை எழுத்தில் இருக்கிறது. நான் தினமும் தூசு தட்டுகிறேன். எனக்கும் படிக்கத் தோன்றவில்லையே, அவரை மட்டும் சொல்லி என்ன செய்ய.

அடுத்த செப்டம்பரில்தான் மறுபடி மனுப் போட முடியும். அதற்கப்புறம் கூப்பிட்டு, பார்த்து, உறுதிமொழி எடுக்க இன்னும் எட்டு மாசமோ பத்து மாசமோ. நீ கல்யாணத்துக்கு ஜனவரி பதினேழில் கோயில் பேசிவிட்டாய், துணி தைக்கக் கொடுத்துவிட்டாய். கிரீன் கார்டுக்காரி மணமாகாத மகளுக்குத்தான் மனுப் போடலாம், மகள் மோதிரம் மாற்றிய அன்றே அந்த மனு செத்துப்போகும். தாய் குடிமகளான பிறகு மாற்றினால் சாகாது. இதற்காகத்தானே நவம்பருக்குள் நான் கையைத் தூக்கிவிடுவேன், ஜனவரியில் நீ கட்டிக்கொள் என்று நாள் குறித்தோம். சித்தப்பாவாவது உனக்கு மனுப் போடலாமே என்றால், நான் அவரைக் கட்டிக்கொண்டபோது உனக்கு இருபத்துமூன்று, பதினெட்டுக்கு மேல் போன பிள்ளையைச் சட்டம் அவர் பிள்ளையாக எண்ணாது. போன மாசம் ரெனானின் அப்பா போன் பண்ணினார். சம்பந்தியம்மா, உங்க அமெரிக்காவுக்காக என் பையன் இன்னும் எத்தனை வருஷம் வரிசையில நிக்கணும், அவனுக்கு முடியே கொட்ட ஆரம்பிச்சாச்சு என்றார். ஜனவரியில் கண்டிப்பாக என்று நான் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். இனி அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்.

வீட்டுக்கு வந்து அந்தச் சட்டத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, படிங்க என்றேன். படித்தார். அட ஆமா, செப்டம்பர்ல போட்டிருக்கானே என்றார், யாரோ செய்த தப்பைப் போல. நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் பாட்டுக்குச் சோறு வடித்து, மீனைப் பொரித்து என் முன்னால் வைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் ஒரு யோசனையோடு வந்தார் பார். புள்ளைங்க கோயில்ல கட்டிக்கட்டும், ஊராட்சியில பதிய வேணாம், காகிதம் இல்லேன்னா யாருக்குத் தெரியப்போகுது என்கிறார். எனக்கு வந்த கோபத்தில் மீன் தட்டைத் தள்ளிவிட்டேன். என்னோடு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிற டெலியாவின் தங்கை இப்படித்தான் ஊமைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு பதினோரு வருடம் காத்திருந்தாள், கடைசியில் தூதரகத்துக்குப் போனபோது எல்லாம் வெளியே வந்து, மணமாகாதவள் என்று பொய் எழுதினவள் என்ற பேரோடு திரும்பி நடந்தாள். பாதிரியாரே பதிந்துவிடுவார், அதுகூட இவருக்குத் தெரியவில்லை. என் மகள் புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புருஷன் இல்லை என்று எழுத மாட்டாள் என்று சொல்லிவிட்டேன். உனக்கும் அப்படி ஏதாவது எண்ணம் இருந்தால் இன்றைக்கே விட்டுவிடு. செலியா மகள் ஏதோ உன் காதில் ஓதினாள் என்று கேள்விப்பட்டேன், அவள் பேச்சைக் கேட்காதே.

மற்றபடி இங்கே வெயில் இன்னும் குறையவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பாலை வாங்கி மூடியைக்கூடத் திறக்காமல் குப்பையில் போடுகிறார்கள், பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. உனக்கு அனுப்பிய பெட்டி கப்பலில் ஏறிவிட்டது, மேலே இருக்கிற வெள்ளைக் காலணி உனக்கு, ரெனானுக்குச் சட்டை கழுத்து அளவு தெரியாமல் வாங்கியிருக்கிறேன்.

இவ்வளவு நேரம் சித்தப்பாவைத் திட்டி எழுதினேன். இப்போது எழுதப்போவதற்குத்தான் மூன்று நாளாகப் பேனாவை எடுக்கவில்லை. அந்த அதிகாரி சான்றிதழைக் கேட்பதற்கு முன்னால் மனுவில் உள்ளதை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். எத்தனை பிள்ளைகள் என்றாள், ஒரே மகள் என்றேன். வயசு என்றாள், இருபத்தொன்பது. கல்யாணம் ஆயிடுச்சா என்றாள், இன்னும் இல்லை, காத்துக்கொண்டிருக்கிறாள் என்றேன். அவள் சும்மா, பேச்சுக்குத்தான், எதுக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க என்று கேட்டாள். நான் அதைக் காதில் வாங்காதவள் மாதிரி பையிலிருந்த பில்களை எடுத்து அடுக்கினேன் ரொடோரா. தெரியாமல் இல்லை. போன வருடமே கோராசோன் அக்கா என்னை உட்காரவைத்துச் சொல்லிவிட்டாள். நீ குடிமகளானாலும், மகளுக்குக் கல்யாணம் ஆனா அவ போற வரிசை நம்ம ஊர்க்காரங்களுக்கு இருபது வருஷத்துக்கு மேல, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டியா என்று கேட்டாள். சொல்லிட்டேன் என்று அவளிடம் பொய் சொன்னேன். உன்னிடம் கொஞ்ச வருஷம்தான் என்று பொய் சொன்னேன். எல்லாம் சரியாக நடந்திருந்தாலும் நீ இங்கே வந்து இறங்கும்போது உனக்கு ஐம்பது, எனக்கு எழுபத்தைந்து. அதைத் தெரிந்துகொண்டுதான் ஜனவரி, நவம்பர் என்று உனக்கு நாள் குறித்துக்கொண்டிருந்தேன்.

உன் சித்தப்பா தெரியாமல் என்னுடைய பதினாறு மாசத்தைத் தொலைத்தார், அதற்கு நான் தட்டைத் தள்ளினேன். நான் அவரைக் கட்டிக்கொண்ட வருடமே நீயும் ரெனானும் கட்டிக்கொள்கிறோம் என்று வந்து நின்றீர்கள், பொறு என்றேன். இரண்டு வருடம் முன்னால் கேட்டாய், இன்னும் கொஞ்சம் பொறு என்றேன். உன் நல்லதுக்கு என்று எல்லோரிடமும் சொன்னேன், உன்னிடமும் சொன்னேன். உனக்காக இல்லை. இந்த ஊரில் எனக்கு யாரும் இல்லை, நீ பக்கத்தில் வேண்டும், அதுதான். ஒரு நாள் நீ வருவாய் என்று நினைக்க ஒரு காகிதம் வேண்டியிருந்தது. அதற்காக உன்னைத் தனியாளாக வைத்திருந்தேன். இதற்கு நீ என்னைத் திட்டினால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

ஜனவரி பதினேழை மாற்றாதே. மனு சாகட்டும். நான் தலைமையாசிரியையிடம் இரண்டு வாரம் லீவு கேட்டு வாங்கிவிட்டேன், பதின்மூன்றாம் தேதி இலோயிலோவில் இறங்குகிறேன், சித்தப்பாவும் வருகிறார், அவருடைய தேதிகளை இனி நான்தான் பார்த்துக்கொள்வேன். அடுத்த செப்டம்பரில் எனக்காக அதே மனுவை மறுபடி நிரப்புவேன், கிடைத்தால் கிடைக்கட்டும். பிள்ளைகள் என்று கேட்கிற இடத்தில் உன் பெயருக்கு நேரே மணமானவள் என்று எழுதுவேன்.

மாதா உங்கள் இருவரையும் நோய் நொடி இல்லாமல், பிரிவு இல்லாமல், ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கட்டும். இந்தக் கடிதத்தை முதலில் ரெனானிடம் காட்டு, அவன் படித்த பிறகு அவன் அப்பாவிடம் கொடு, மறைக்காமல் முழுசாகக் கொடு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே அவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பேன். அதற்கு முன்னால் நீ என்னைக் கூப்பிடுவதாக இருந்தால் கூப்பிடு, கோபம் தீரவில்லை என்றால் வேண்டாம், நான் காத்திருக்கிறேன்.

உன் அம்மா,
பெர்லிதா