அனூஜ் வார்த்த பீம்கள்

ஜூன் 11, புதன்

பாறசாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து மழை. வீட்டுக்கு வந்து துணி மாற்றிவிட்டு டி.வி.யைப் போட்டேன். பார்ப்பதற்கு இல்லை, ஏதாவது ஒரு குரல் வேண்டும். மாமி பூவாருக்கு, தன் மகள் ஜிஷா வீட்டுக்குப் போனதிலிருந்து இப்படித்தான். மகன் இல்லாத வீட்டில் இருக்க முடியவில்லை என்றார். நான் மட்டும் இருக்க முடியுமா என்று கேட்க வாய்வரை வந்தது.

இருட்டுகிற நேரத்தில் ஒரு போன். என் கணவர் அனூஜ் ஆராய்ச்சி செய்த கல்லூரியின் லேப் பொறுப்பாளர், ஜெயதாஸ்.

"டீச்சரே, சாருக்க பீமெல்லாம் இங்க கெடக்கு. புது மெஷின் வருது, எடம் வேணும். நான் என்ன செய்யட்டு?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என்ன யோசிக்க?

ஜூன் 12

ஆராய்ச்சிக்காக அந்தக் கான்கிரீட் உத்திரங்களைப் பிப்ரவரியில் வார்த்தார். ஒரு மாதம் இறுக வேண்டும், அதற்குள் மார்ச்சில் நெஞ்சுவலி. நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரி வரைகூடப் போய்ச் சேரவில்லை. பைக்கை விற்றோம், சட்டைகளைக் கொடுத்தோம். எல்லாம் முடிந்தது என்றல்லவா இருந்தேன்!

ஜூன் 14, சனி

போய்ப் பார்த்தேன். சுவரோரம் வரிசையாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் சிவப்பு பெயிண்டில் எண்ணும் தேதியும். அனூஜின் எழுத்து. ஏழுக்கு நடுவில் குறுக்கே ஒரு கோடு போடுவாரே, அந்த ஏழு.

மூன்று பீம் முழுக்கச் சாதாரண கான்கிரீட். மூன்றில் மேல்பாதி சாதாரணம், கீழ்பாதி ஜல்லிக்குப் பதில் உடைத்த தேங்காய்ச் சிரட்டை போட்டது, கனம் குறைந்தது. ஏன் அப்படி என்று ஒருநாள் என் பையிலிருந்த ரப்பரை எடுத்து வளைத்துக் காட்டியிருக்கிறார். வளையும்போது மேலே நெருங்குகிறது, கீழே இழுபடுகிறது. இழுப்பைத் தாங்குவது உள்ளே இருக்கிற கம்பி. அங்கே கான்கிரீட் எப்படியும் கீறத்தான் போகிறது. பிறகெதற்கு அங்கே இவ்வளவு கனம்? வீட்டின் பாரம் குறையட்டுமே என்பார்.

எல்லாவற்றையும் வீட்டுக்கு எடுத்துப் போகிறேன் என்றேன். ஜெயதாஸ் தலையைச் சொறிந்தார். "ஒண்ணத் தூக்க நாலாளு வேணும் டீச்சரே."

லிஷா வந்தாள். அனூஜுடன் அதே லேபில் ஆராய்ச்சி செய்த பெண். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "சேச்சி, நம்ம டெஸ்ட் செய்யலாம். இது ஒடைக்கதுக்கு வேண்டி செஞ்சதாக்கும்."

"ஒனக்கு ஒன் பேப்பர் வேணும், அதானே?" என்றேன்.

அவள் முகம் செத்துப் போயிற்று. நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அழ வந்தது, அதனால்தான். வேறு ஒன்றுமில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மாமிக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். "முற்றத்துல கொண்டு இடச் சொல்லு மக்கா. நான் வந்தா அது மேல இருக்கலாம். எம் பிள்ள கை பட்டதில்லியா."

எனக்கும் அதுதானே ஆசை.

ஜூன் 17

பள்ளிக்கூடத்தில் புதிதாக வந்த ஒரு டீச்சர், உங்கள் வீட்டு சார் என்ன வேலை என்று கேட்டாள். பீம் வார்க்கிறார் என்று சொல்லிவிட்டேன். வார்க்கிறார்!

ஜூன் 18

நேற்று தூக்கமில்லை. கடைசி மாதம் அனூஜுக்கும் தூக்கமில்லை. ஒரே கவலை — அந்த ஒட்டு. இரண்டு கான்கிரீட்டும் சேருகிற இடம். பாரம் ஏறும்போது மேல்பாதியும் கீழ்பாதியும் தனித்தனியாக வழுகிப் போனால் ஒன்றுமில்லை, எல்லாம் வீண். "ஒட்டு நிக்குமாடீ?" என்று என்னிடம் கேட்பார். தமிழ் டீச்சரிடம்! "நிக்கும், ஒறங்குங்க" என்பேன்.

அது தெரியாமலே போய்விட்டார்.

முற்றத்தில் கொண்டு போட்டால் பாசி பிடிக்கும். நானும் தெரியாமலே இருப்பேன். எனக்குத் தெரியணும். மாமி என்ன சொன்னாலும் சரி, எனக்குத் தெரியணும்.

லிஷாவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் விடுங்க சேச்சி, சனியாழ்ச்ச வாங்க," என்றாள்.

ஜூன் 21, சனி

சாதாரண பீம்களை முதலில் உடைத்தார்கள். பார்க்க அவ்வளவு கஷ்டமாக இல்லை.

பிறகு சிரட்டை போட்ட முதல் பீம். இரண்டு முனையையும் தாங்கி வைத்து, மேலிருந்து அழுத்துகிறார்கள். லிஷா என் கையில் மார்க்கர் பேனாவைத் தந்தாள். கீறல் எதுவரை வந்திருக்கிறதோ அதுவரை கோடு போட வேண்டும். அடியில் ஒரு மயிரிழை தெரிந்தது. அதன் கூடவே வரைந்தேன். பக்கத்தில் இன்னொன்று. பாரம் கூட்டக் கூட்ட மேலே ஏறி வந்தன. ஒட்டுக்கு வந்ததும் பேனாவை நிறுத்திப் பார்த்தேன். பக்கவாட்டில் ஓடினால் போச்சு.

கீறல் ஒட்டைத் தாண்டி நேராக மேலே போயிற்று.

நன்றாக வளைந்த பிறகுதான் உச்சியில் கான்கிரீட் நொறுங்கியது. சாதாரண பீம் தாங்கியதற்கும் இது தாங்கியதற்கும் பெரிய வித்தியாசமில்லை. "ஒட்டு விடல்ல டீச்சரே, விடல்ல!" என்று ஜெயதாஸ் கத்தினார்.

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் மட்டும் ஒட்டு நெடுக ஒரு விரல் நீளத்துக்குக் கீறல் ஓடியது. லிஷா அதையும் எழுதிக்கொண்டாள். அனூஜும் எழுதியிருப்பார்.

எல்லாரும் சாயா குடிக்கப் போனார்கள். நான் அந்த உடைந்த பீம் பக்கத்தில் நின்றேன். நின்றது, ஒட்டு நின்றது என்று யாரிடம் சொல்ல வேண்டுமோ அந்த ஒரே ஆள் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

மாமியிடம் சொன்னேன். "ஒடச்சுப் போட்டியா?" என்று மட்டும் கேட்டார். போனை வைத்துவிட்டார்.

ஜூலை 6

கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஜூலை 13

எடுக்கவில்லை. ஜிஷாதான் பேசினாள், "அம்மா ஒறங்குதாவ அண்ணி" என்று. பின்னால் மாமியின் இருமல் கேட்டது.

ஜூலை 27

மழை. யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று.

ஆகஸ்ட் 2, சனி

லிஷா வீட்டுக்கு வந்தாள். அனூஜின் பெயரை முதலில் போட்டுக் கட்டுரை அனுப்பியிருக்கிறாள். சும்மா போட்டதில்லையே, வேலை அவருடையது என்றாள். சோறு சாப்பிட்டுவிட்டுப் போனாள். உடைந்த பீம்களின் போட்டோக்களைத் தந்தாள். ஒன்றை ஜிஷாவின் போனுக்கு அனுப்பினேன். ஒன்றும் எழுதவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

மாமி கூப்பிட்டார். அவராகவே.

"அந்தக் கோடெல்லாம் ஆரு போட்டது?"

"நான் தான் மாமி."

"எவ்வளவு பாரம் தாங்கிச்சு?"

"ஏழு டன்னுக்கு மேல."

"அது எவ்வளவு வரும்?"

"கோயில் ஆனையக் காட்டிலும் கூடுதல் மாமி."

"அவன் எங்கிட்ட ஒண்ணும் சொன்னதில்ல," என்றார். "நீ சொல்லித் தா. நாளைக்கு நான் அங்க வாறேன்."

மாமியின் அறை ஜன்னல் மழையில் ஊறி இறுகிக் கிடந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளித் திறந்தேன்.