படிக்கும்போது பேசக்கூடாது

2023 நவம்பர் 21, செவ்வாய்

எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து நிறுத்து முடிப்பதற்குள் பள்ளிக்கூடத்திலிருந்து போன். அரை நாள் லீவு போட்டுக் குன்னூருக்குப் போனேன். கனகமணி மிஸ் உட்காரச் சொன்ன விதத்திலேயே தெரிந்துவிட்டது, நல்ல சேதி இல்லை என்று.

பிரிஸில்லா வகுப்பில் வாயே திறப்பதில்லையாம். கதை படித்துவிட்டுக் கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறாளாம். "இப்படியே இருந்தா ஒண்ணாங்கிளாஸுக்கு அனுப்ப முடியாதுங்க. இன்னொரு வருஷம் யூ.கே.ஜி.யிலயே இருக்கட்டும்" என்றார். கூடவே ஒரு வைத்தியம்: "தினமும் தூங்கறப்ப ஒரு கதை படிச்சுக் காட்டுங்க. பேச்சு வரும், தைரியம் வரும். உங்ககிட்டயும் ஒட்டுவா."

என் மகள் என்னிடம் ஒட்டவில்லை என்று இவருக்கு யார் சொன்னது? வரும் வழியெல்லாம் இதே எரிச்சல். வீட்டிலும் அவள் அதிகம் பேசுகிறவள் இல்லைதான். பசிக்குது, போதும், வேண்டாம். அவ்வளவுதான். அதற்காக?

நவம்பர் 22, புதன்

படிக்க எனக்கா சொல்லித்தர வேண்டும்? ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முதல் வாசகம் படிப்பது நான். மைக் போனாலும் கடைசி பெஞ்சு வரை கேட்கும் குரல்.

பள்ளியில் கொடுத்த புத்தகத்திலிருந்து முயல் கதை ஒன்றை நிறுத்தி நிதானமாகப் படித்தேன். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, கைகூப்பி, போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தைக் காட்டினேன். ஏறெடுத்துப் பார்க்கவில்லை. முடிந்ததும் "இறைவா உமக்கு நன்றி" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

கோயிலில் வாசகம் முடிந்ததும் நாமெல்லாம் சொல்வது அது. முயலுக்கு எதற்கு? என்னைக் கேலி செய்கிறாளா? ஐந்து வயதிலா?

நவம்பர் 24, வெள்ளி

இன்றும் அதே கைகூப்பல், அதே நன்றி. "முயல் ஏன் அழுதுச்சு, சொல்லு பாப்பா" என்றேன். மூன்று முறை கேட்டேன். தேயிலைச் செடியிடம் கேட்டிருந்தால்கூட அசைந்திருக்கும்.

நவம்பர் 26, ஞாயிறு

வாசகம் கணீரென்று இருந்ததாக ஃபாதர் பாராட்டினார். வீட்டில் ஒரு முயல் கதை எடுபடவில்லை.

டிசம்பர் 5, செவ்வாய்

கத்திவிட்டேன். "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? கேக்கறேன்ல, சொல்லித் தொலையேன்!" சத்தமில்லாமல் அழுதாள். கை மட்டும் கூப்பியபடியே இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க இன்னும் ஆத்திரம்.

என் மனைவி ஜோவிதா எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டூட்டி முடிந்து அப்போதுதான் வந்தாள், நர்ஸ் உடுப்புக்கூட மாற்றவில்லை. "ஏனுங்க, புள்ளைக்குக் கதை படிக்கிறீங்களா, இல்ல கொழுந்துக்காரங்கள மெரட்டறீங்களா?" என்றாள். சூப்பர்வைசர் வேலை பார்க்கிறவனுக்கு வீட்டில் வேறு தொண்டையா இருக்கிறது? நான் சாப்பிடாமல் படுத்தேன். யாருக்கு நஷ்டம்? எனக்குத்தான்.

டிசம்பர் 12, செவ்வாய்

போனைக் கொடுத்தேன். கார்ட்டூன் பார்த்தபடியே தூங்கிவிட்டாள். இதற்கு எதற்கு மிஸ், கதை, அரை நாள் லீவு?

டிசம்பர் 21, வியாழன்

குரல் போய்விட்டது.

காலையில் ஒரே மூடுபனி. கீழ்க்காட்டில் காட்டெருமை நிற்பது தெரியாமல் கொழுந்தெடுக்கும் பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். மேலிருந்து கத்தினேன், கத்தினேன், அவர்கள் திரும்பிப் பார்க்கும்வரை கத்தினேன். ஏற்கெனவே சளி. மத்தியானம் வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. ஒரு வாரத்துக்குப் பேசவே கூடாது என்கிறார் டாக்டர்.

கிறிஸ்துமஸ் பூசை வாசகம் மோசஸுக்குப் போய்விட்டது. மோசஸ்! நிறுத்த வேண்டிய இடத்தில் ஓடுவான், ஓட வேண்டிய இடத்தில் இருமுவான். வருஷம் முழுக்க இருக்க, இந்த ஒரு வாரம்தானா கிடைத்தது என் தொண்டைக்கு?

டிசம்பர் 22, வெள்ளி

ஜோவிதாவுக்கு ஈவினிங் டூட்டி. மழைக்கு டவர் போய்விட்டதால் போனில் ஒன்றும் ஓடவில்லை. பிரிஸில்லா புரண்டுகொண்டே இருந்தாள். வேறு வழியில்லாமல் புத்தகத்தை எடுத்தேன். உட்கார்ந்தால் இருமல் வருகிறதென்று அவள் போர்வைக்குள்ளேயே படுத்துக்கொண்டு, காதருகில் குசுகுசுவென்று படித்தேன். கரடிக் கதை. கரடி மரமேறித் தேன் குடித்துவிட்டுக் குகைக்குப் போகிறது.

"கரடி தேன் குடிக்காதுப்பா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள்தான்!

"எண்ணெய்தான் குடிக்கும். போன மாசம் நம்ம அங்கன்வாடி கதவ ஒடச்சு எண்ணெய் பூரா குடிச்சுருச்சுல்ல? அப்பறம் அதுக்கு வயித்த வலிச்சிருக்கும். அதுக்கு யாருப்பா மருந்து குடுப்பாங்க?"

"அம்மா குடுப்பாங்க" என்று காற்றிலேயே சொன்னேன். சிரித்தாள். கரடிக்கு ஊசி போட்டால் எங்கே போடுவார்கள், அது அழுமா, காட்டில் அதற்கும் ஆஸ்பத்திரி உண்டா... கதை குகைக்குப் போய்ச் சேரவே இல்லை. இவ்வளவு பேச்சு இத்தனை நாள் எங்கே இருந்தது? என் கண் கலங்கியது, இருட்டில் அவளுக்குத் தெரிந்திருக்காது.

டிசம்பர் 23, சனி

ஜோவிதாவிடம் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டுச் சொன்னாள்:

"நாந்தானுங்க காரணம். கோயில்ல மடியில வச்சுக்கிட்டு, 'அப்பா படிக்கிறாங்க, கைகூப்பு, படிக்கும்போது பேசக்கூடாது'ன்னு சொல்லிச் சொல்லியே வளர்த்தேன். நீங்களும் வீட்ல அதே ராகத்துலதானே படிச்சீங்க? மிஸ் புஸ்தகத்தப் பிரிச்சாலும் அவளுக்குப் பூசைதான்."

கேலியில்லை, மரியாதை! அதற்கா கத்தினேன்? எனக்கே என்மேல் வெறுப்பாக இருக்கிறது. மிஸ்ஸிடம் தானே போய்ச் சொல்வதாக ஜோவிதா சொல்லியிருக்கிறாள்.

2024 ஜனவரி 9, செவ்வாய்

குரல் முழுசாகத் திரும்பிவிட்டது. சந்தோஷத்தில் ஒரு பக்கத்தை வழக்கம்போல் முழங்கினேன். கை தானாகக் கூம்பிவிட்டது அவளுக்கு. சட்டென்று போர்வைக்குள் போய்விட்டேன்.

இப்போது தொல்லை வேறு மாதிரி. நான்கு வரி படிக்க விடுவதில்லை. ஏன், எதுக்கு, அப்பறம், அதுக்கு அப்பா இல்லையா. விடிந்தால் மஸ்டரில் ஆட்கள் பேர் கூப்பிட ஓட வேண்டியவன் ஓர் ஆமையின் சொந்தபந்தங்களை விசாரித்துக்கொண்டு கிடக்கிறேன்.

ஜனவரி 31, புதன்

கனகமணி மிஸ் போன் செய்தார். பிள்ளைகளைத் தரையில் சுற்றி உட்காரவைத்து, நடுவில் உட்கார்ந்து கதை சொல்லிப் பார்த்தாராம். முதல் வாரம் ஒன்றுமில்லை. நேற்று பிரிஸில்லா எழுந்து நின்று அங்கன்வாடிக் கரடியைப் பற்றிச் சொன்னாளாம். மற்ற பிள்ளைகள் கைதட்டினார்களாம்.

ஜூனில் ஒண்ணாங்கிளாஸ்தான்.

பிப்ரவரி 25, ஞாயிறு

தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறு. பெற்ற மகனைப் பலிகொடுக்க மலைமேல் கூட்டிப்போகும் தகப்பனைப் பற்றிய வாசகம். குரல் நன்றாக எழும்பியது. கத்தியை ஓங்கும் இடத்தில் வேண்டுமென்றே ஒரு கணம் நிறுத்தினேன். கோயிலே மூச்சடக்கி இருந்தது.

"அந்தப் பையனோட அம்மாகிட்டச் சொல்லிட்டுப் போனாங்களாப்பா?"

மூன்றாவது பெஞ்சிலிருந்து, கணீரென்று. என் குரலேதான். எல்லோரும் திரும்பினார்கள். ஜோவிதா மகளின் வாயைப் பொத்தப் போனவள், பொத்தாமல் கையை இழுத்துக்கொண்டாள். நான் புத்தகத்தைப் பார்த்தேன். இத்தனை வருடம் படித்த வாசகம், இந்தக் கேள்வி எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

"இல்ல பாப்பா. சொல்லல" என்றேன். மைக்கில்.

பூசை முடிந்ததும் ஃபாதர் கூப்பிட்டு, "மரியஅந்தோணி, ஈஸ்டர் வரைக்கும் மோசஸ் படிக்கட்டும்" என்றார். கோபம் வரவில்லை என்று பொய் எழுத மாட்டேன். நன்றாக வந்தது. மேட்டில் ஏறும்போது பிரிஸில்லா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அதே கதைய இன்னைக்கு ராத்திரி படிங்கப்பா. மெதுவாப் படிங்க. எனக்கு நெறையா கேக்கணும்."